நொண்டாத நாய்: 20 மாத லாப்ரடார் ஒன்றின் முழங்கை மூட்டுவாதம்

கரியன் என்னிடம் வந்தது கால் வலிக்காக அன்று. பின்னங்கால் நகம் ஒன்று பிளந்து ரத்தம் கசிந்தது. அதை வெட்டிக் கட்டுப்போட அழைத்து வந்தார்கள். ஒரு வயது எட்டு மாதம் ஆன கறுப்பு லாப்ரடார், ஆண். வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மேசையிலிருந்து இறக்கிவிடும்போது அவனை வளர்க்கும் அம்மையார் பெருமையாக ஒன்று சொன்னார்: “முன்பெல்லாம் இவனைப் பிடித்து நிறுத்த மூன்று பேர் வேண்டும், டாக்டர். இப்போது புத்தி வந்துவிட்டது. நல்ல பிள்ளையாகிவிட்டான்.”

இருபது மாத லாப்ரடாருக்கு அவ்வளவு சீக்கிரம் புத்தி வருவதில்லை. அந்த வயதில் அந்த இனம் வாலாலேயே மேசையைக் காலி செய்யும். எனக்கு உறுத்தியது. பழைய பதிவைப் புரட்டினேன். மூன்று மாதம் முன்பு காதில் சீழ் என்று வந்திருக்கிறான். அன்று என் கையெழுத்தில், நானே எழுதியது: “அமைதியான நாய். ஒத்துழைப்பு நன்று.” காதைக் குடையும்போது ஒரு இளம் நாய் ஏன் அவ்வளவு அமைதியாக நின்றது என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இந்த நிகழ்வை எழுதி வைப்பதற்கு அந்த வரியும் ஒரு காரணம்.

வீட்டில் கிடைத்த வரலாறு

“நொண்டுகிறானா?” என்று கேட்டால் “இல்லவே இல்லை” என்ற பதில்தான் வரும், வந்தது. ஆகவே கேள்வியை மாற்றினேன். படியில் ஏறுவது எப்படி, இறங்குவது எப்படி? ஏறுவதில் தயக்கம் இல்லை என்றார். இறங்கும்போது மட்டும் மேல்படியில் நின்று ஒரு முறை எங்கள் முகத்தைப் பார்ப்பான், பிறகு உடம்பைக் கோணலாகத் திருப்பி இறங்குவான். காரிலும் அப்படியே: ஏறிவிடுவான், இறங்க மட்டும் யாராவது வயிற்றைத் தாங்க வேண்டும். பந்து எறிந்தால் மூன்று முறை கொண்டுவருவான். நான்காவது முறை பந்தைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு படுத்துவிடுவான். “அவனுக்கு அலுத்துப்போய்விடுகிறது” என்றார்.

படியில் ஏறுவதா இறங்குவதா என்பது வீண் கேள்வி அன்று. நிற்கும் நாயின் எடையில் ஏறத்தாழ 60% முன்னங்கால்களில் இருக்கிறது. இறங்கும்போது அந்தச் சுமை இன்னும் முன்னால் சாய்கிறது. இடுப்பு வலிக்கும் நாய் பெரும்பாலும் ஏறுவதற்குத் தயங்கும். முழங்கையோ தோளோ வலிக்கும் நாய் இறங்குவதற்குத் தயங்கும். விதிவிலக்குகள் உண்டு என்றாலும் முதல் துப்பாக அது போதும்.

படுப்பது எப்படி என்று கேட்டதும் அவர் எழுந்து நின்று கைகளால் காட்டினார். பின்பக்கம் முதலில் உட்காரும். பிறகு முன்னங்கால்களைத் தரையில் முன்னோக்கி வழுக்கவிட்டு மார்பு சரியும். கடைசி நான்கு விரற்கடை ‘தொப்’ என்று விழும். முழங்கையை மடக்கிச் சுமை தாங்காமல் படுக்க வேறு வழி இல்லை. இவ்வளவு துல்லியமாகக் கவனித்திருந்தவரை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

குட்டிப் பருவத்தைப் பற்றியும் கேட்டேன். எட்டு வாரத்தில் வாங்கியது. தாய், தந்தை இரண்டுக்கும் முழங்கை எக்ஸ்ரே எடுத்ததாகத் தகவல் இல்லை. தந்தை அழகுப் போட்டியில் பரிசு வாங்கியது என்பது மட்டும் தெரியும். பெரிய இனக் குட்டிகளுக்கான உணவைக் கொடுத்திருக்கிறார்கள், அது சரி. ஆனால் “எலும்பு பலமாக” என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஏழு மாதம் வரை கால்சியம் டானிக்கும் சேர்ந்தே போயிருக்கிறது. வளரும் குட்டி ஆறு மாதத்துக்குள் கால்சியத்தை வேண்டிய அளவு மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும் திறன் பெற்றிருப்பதில்லை. கொடுத்ததெல்லாம் பெரும்பகுதி உள்ளே போய்விடும். பெரிய இனத்தில் இது எலும்பு வளர்ச்சியையே குழப்பும். சமச்சீர் உணவு சாப்பிடும் பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் டானிக் கொடுப்பதை நான் எப்போதும் எதிர்ப்பேன், எவ்வளவு அன்போடு கொடுத்தாலும். ஏழாவது மாதத்தில் கருத்தடை அறுவையும் நடந்திருக்கிறது. லாப்ரடார் போன்ற இனங்களில் வளர்ச்சி முடியும் முன் செய்யும் கருத்தடைக்கும் மூட்டுக் கோளாறுகளுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் இந்த நாய்க்கு இதனால்தான் வந்தது என்று விரல் நீட்ட முடியாது. இந்தக் கோளாறு முதன்மையாக மரபுவழியில் வருவது. உணவும் எடையும் அதன் மேல் ஏறி உட்காருகின்றன.

பரிசோதனை

எடை 38.4 கிலோ. உடல்வாகை 9 படிகளில் அளக்கும் அளவுகோலில் 7. விலா எலும்பைத் தேட விரலால் அழுத்த வேண்டியிருந்தது. உடல் வெப்பம் 38.6 டிகிரி செல்சியஸ், இயல்பு. நிணநீர் முடிச்சுகளில் வீக்கம் இல்லை.

வழுக்காத தாழ்வாரத்தில் நடக்கவிட்டுக் கைப்பேசியில் படமெடுத்தேன். முன்னங்கால் ஒன்றில் வலி இருந்தால் அந்தக் கால் தரையைத் தொடும்போது நாய் தலையை உயர்த்தும். நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். இதைத் தேடித்தான் எல்லோரும் பார்ப்போம். கரியனின் தலை ஆடவில்லை. ஓட்டத்திலும் ஆடவில்லை. படத்தை மெதுவாக ஓடவிட்டபோதுதான் வேறொன்று புலப்பட்டது: முன்னங்கால் எட்டு இரண்டு பக்கமும் குட்டை. பாதங்கள் வெளிப்புறம் திரும்பியிருந்தன; முழங்கைகள் மார்போடு ஒட்டி, ஒரு சிறுவன் இரண்டு கக்கத்திலும் எதையோ இடுக்கிக்கொண்டு நடப்பது போல.

நாய் நொண்டாததன் விடை இங்கே இருக்கிறது. ஒரு கால் வலித்தால் சுமையை மறு காலுக்கு மாற்றலாம். விந்தி நடப்பது என்பதே அந்த மாற்றம்தான். இரண்டும் வலித்தால் எங்கே மாற்றுவது? எட்டைக் குறுக்கலாம், பின்னால் சாயலாம், ஓடுவதை நிறுத்தலாம், படுத்துக்கொள்ளலாம். ஓடாமல் படுத்திருக்கும் நாயை வீட்டில் ‘நல்ல பிள்ளை’ என்கிறார்கள், மருத்துவமனையில் ‘ஒத்துழைப்பு நன்று’ என்கிறார்கள்.

கையால் தொட்டபோது கதை தெளிவாகியது. தோள்பட்டை எலும்பின் முகடு விரலில் கூர்மையாகத் தட்டுப்பட்டது. இருபுறமும் தசை இளைத்திருந்தது. பின் தொடைகளோ வயதுக்கு மீறிப் பருத்திருந்தன, பாவம், எல்லாச் சுமையையும் அவையே இழுத்திருக்கின்றன. முழங்கையின் வெளிப்புறத்தில், மேல்கை எலும்பின் புடைப்புக்கும் முழங்கை முனைக்கும் நடுவே இயல்பாக ஒரு பள்ளம் இருக்கும். இடது பக்கம் அந்தப் பள்ளம் நிரம்பி மெத்தென்று இருந்தது, மூட்டு நீர் கட்டியிருந்தது. இயல்பான லாப்ரடாரின் முழங்கை 36 டிகிரி வரை மடங்கும். கரியனுக்கு இடது 58 டிகிரியில் நின்றுவிட்டது, வலது 50. முழங்கையையும் மணிக்கட்டையும் செங்கோணத்தில் மடக்கிப் பாதத்தை உள்ளும் வெளியுமாகத் திருப்பிய நொடியில் அவன் தலையைத் திருப்பி என் மணிக்கட்டை வாயால் பிடித்தான். கடிக்கவில்லை, வெறுமனே பிடித்துக்கொண்டான். காதைக் குடைந்தபோது நிறுத்தச் சொல்லாத நாய் சொன்ன முதல் ‘வேண்டாம்’ அது.

நீண்ட எலும்புகளின் தண்டை அழுத்தியதில் வலி இல்லை. எனவே இளம் நாய்களில் கால் மாற்றிக் கால் வலிக்கும் எலும்பு அழற்சி அன்று. தோள், மணிக்கட்டு, கால் முட்டி எல்லாம் சரி.

வேறு எதுவாக இருக்கலாம்

இளம் நாய்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டில் வீக்கம் என்றால் ‘வளர்ச்சிக் கோளாறு’ என்று உடனே முத்திரை குத்திவிடக் கூடாது. உண்ணி பரப்பும் எர்லிக்கியா, அனாபிளாஸ்மா போன்ற தொற்றுகள் மூட்டுகளைத் தாக்கும். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் வகையும் உண்டு. அதற்கு ஸ்டீராய்டு தேவைப்படும். சாதாரண மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் அழற்சி நீக்கி வலி மருந்தோடு ஸ்டீராய்டு சேர்ந்தால் குடலில் புண் வரும். பெயரைத் தவறாகச் சொன்னால் மருந்தும் தவறும்.

ரத்தப் பரிசோதனை இயல்பாக வந்தது, தட்டணுக்கள் குறையவில்லை, உண்ணிக் காய்ச்சல் சோதனை எதிர்மறை. மயக்கம் கொடுத்து இடது முழங்கையிலிருந்து நீர் எடுத்தோம். ஊசி முனையிலிருந்து துளி விழாமல் நூலாக இழுபட்டது, ஏறத்தாழ இரண்டு விரற்கடை நீளம். அழற்சி மிக்க மூட்டின் நீர் தண்ணீராக இருக்கும். இழுபடும் நீர் நல்ல சேதி. அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,800, பெரும்பாலும் ஒற்றை உட்கரு வகை. தொற்றும் எதிர்ப்புச் சக்தி நோயும் பட்டியலிலிருந்து கழன்றன.

அதே மயக்கத்தில் எக்ஸ்ரே. முழங்கையை நன்றாக மடக்கி எடுத்த பக்கவாட்டுப் படம்தான் இங்கே முக்கியம். முழங்கை முனையின் கொக்கியில் புதிதாக முளைத்த எலும்பு இடது பக்கம் 4 மி.மீ., வலது பக்கம் 2 மி.மீ.க்கு சற்றுக் குறைவு. சர்வதேச முழங்கைக் குழுவின் தரவரிசையில் முளை 2 மி.மீ.க்குக் கீழ் இருந்தால் 1, 2 முதல் 5 வரை 2, அதற்கு மேல் 3. ஆக இடது 2, வலது 1. முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்றான அல்னாவின் குழிவில் படம் வெளுத்து அடர்ந்திருந்தது, பல மாதமாக அந்த இடத்தில் சுமை ஏறியதன் தழும்பு. இடுப்பு மூட்டுகளையும் படமெடுத்தோம், தளர்வு இருக்கிறதா என்று கையாலும் பார்த்தோம். இரண்டும் நன்றாக இருந்தன.

முழங்கையில் மூன்று எலும்புகள் சந்திக்கின்றன: மேல்கை எலும்பு, முன்கையின் ரேடியஸ், அல்னா. அல்னாவின் உள் ஓரத்தில் கொரோனாய்டு என்ற சிறு திட்டு இருக்கிறது. ரேடியஸும் அல்னாவும் ஒரே வேகத்தில் வளர வேண்டும். சில மில்லிமீட்டர் முன்பின் ஆனால் உடல் எடை முழுவதும் அந்தத் திட்டின் மேல் இறங்கும். குருத்தெலும்புக்குக் கீழே முதலில் நுண்ணிய விரிசல், பிறகு ஒரு சில்லு பெயர்வது, பிறகு எதிரில் உள்ள குருத்தெலும்பு தேய்வது என்று வரிசையாக நடக்கும். வாசகர்கள் ‘எல்போ டிஸ்பிளேசியா’ என்று கேள்விப்பட்டிருக்கும் நோயின் மிகப் பரவலான வடிவம் இதுதான். தொடங்குவது பெரும்பாலும் நான்கு முதல் எட்டு மாத வயதில். எக்ஸ்ரேயில் அந்தச் சில்லு பல நேரம் தெரியாது, பின்விளைவுதான் தெரியும். சில்லைப் பார்க்க சி.டி. ஸ்கேன் வேண்டும்.

அரை மாத்திரை

மருந்து எழுதத் தொடங்கும்போது அம்மையார் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். முந்தைய நாள் நகம் பிளந்தபோது வீட்டில் இருந்த மனிதர்களுக்கான இபுப்ரோஃபன் மாத்திரையில் பாதியைக் கொடுத்திருக்கிறார், 200 மில்லிகிராம். “தப்பு செய்துவிட்டேனா, டாக்டர்?”

சொன்னாரே என்று எனக்கு நிம்மதி. “சொன்னதுதான் பெரிய உதவி, அம்மா” என்றேன். இபுப்ரோஃபன் நாய்க்கு இரைப்பையைப் புண்ணாக்கும், அளவு கூடினால் சிறுநீரகத்தையும் தாக்கும். அவன் எடைக்கு இந்த ஒற்றை அளவு பெரிய விபத்து அன்று. ஆனால் அதன் மேல் நான் எழுதவிருந்த மெலாக்சிகாம் என்ற அழற்சி நீக்கி வலி மருந்தைக் கொடுத்திருந்தால் ஒரே வகை மருந்துகள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒரு வாரம் காத்திருந்தோம். மலம் கறுத்திருக்கிறதா என்று தினமும் பார்க்கச் சொன்னேன். இடைக்காலத்துக்கு வேறு வகை வலி மருந்தான கேபாபென்டின் கொடுத்தேன், காப்ஸ்யூலாக. மனிதர்களுக்கான திரவ கேபாபென்டின் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் இருக்கிறது. அது நாய்க்கு நஞ்சு.

எட்டாம் நாள் மெலாக்சிகாம் தொடங்கினோம்: முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., அடுத்த நாளிலிருந்து 0.1. உணவோடு மட்டும். வாந்தி, பேதி, பசியின்மை எது தெரிந்தாலும் கேட்காமலே நிறுத்திவிட்டு அழைக்க வேண்டும். தொடங்கும் முன்னும் இரண்டு வாரம் கழித்தும் ஈரல், சிறுநீரகச் சோதனைகள்.

மதிப்பெண் மாறிய கதை

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவான வலி வினாப்பட்டியல் ஒன்று இருக்கிறது. வீட்டார் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார்கள்: எழுவதில் சிரமம், நடப்பதில், ஓடுவதில், ஏறுவதில் என்று. 0 என்றால் சிரமமே இல்லை. முதல் நாள் அம்மையார் போட்ட சராசரி 1.3. மெலாக்சிகாம் தொடங்கிப் பத்து நாள் கழித்து மீண்டும் கொடுத்தேன், அப்போதும் 1.2. மருந்து பலிக்கவில்லையோ என்று நினைத்தேன். ஆனால் அவர் முகம் அப்படிச் சொல்லவில்லை. “போன மாதம் எப்படி இருந்தான் என்று இப்போது நினைத்துப் பார்த்து ஒரு முறை போடுங்கள்” என்றேன். நெடுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போட்டார்: 5.1. வலி இல்லாமல் அவன் எப்படி இருப்பான் என்பதையே வீடு மறந்துபோயிருந்தது. மெல்ல மெல்ல வந்த வலிக்கு ஒப்பிட எதுவும் இருப்பதில்லை.

இது ஒரு வீட்டின் குறை அன்று. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில் 8 மாதம் முதல் 4 வயது வரையிலான 123 நாய்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 40% நாய்களுக்கு ஏதாவது ஒரு மூட்டில் மூட்டுவாதத்தின் அடையாளம் இருந்தது. மொத்த நாய்களில் நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவானவற்றுக்கு அந்த மூட்டில் வலியும் இருந்தது. தொடர்ந்து வலி மருந்து பெற்றவை மிகச் சில. மூட்டுவாதம் என்றதும் நரைத்த மூக்கை நினைக்கும் பழக்கத்தை நாம் விட வேண்டியிருக்கிறது.

அறுவையா வேண்டாமா

மூன்றாவது வாரம் அறுவை நிபுணர் ஒருவரிடம் அனுப்பினேன். சி.டி. ஸ்கேனில் இடது கொரோனாய்டில் பெயர்ந்த சில்லு, வலதில் விரிசல் மட்டும். ஒரே மயக்கத்தில், மூட்டுக்குள் நுழைத்துப் பார்க்கும் ஆர்த்ரோஸ்கோபி குழாய் வழியாக இடது சில்லை எடுத்தார். அரிசி மணியை விடச் சற்றுப் பெரிது. எதிர்ப்புறக் குருத்தெலும்பில் தேய்ந்த கோடுகள், ஒரு சிறு இடத்தில் எலும்பே தெரிந்தது. வலது மூட்டை உள்ளே பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் மூடினார்.

சில்லை எடுத்தால் மூட்டுவாதம் நின்றுவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. நிற்காது. அறுவை செய்தாலும் எலும்பு முளை வளரும். அறுவைக்கும் மருந்தும் எடையும் மட்டும் பார்த்துக்கொள்வதற்கும் நீண்டகாலத்தில் எவ்வளவு வித்தியாசம் என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஒரு கூழாங்கல் செருப்புக்குள் கிடந்தால் முதலில் அதை எடுத்துவிடலாம் என்ற அளவில்தான் நான் அறுவையைப் பரிந்துரைத்தேன். கால் ஏற்கெனவே புண்ணாகியிருக்கிறது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

எடை

உண்மையில் இந்த நிகழ்வின் பெரும் பகுதி இங்கேதான் நடந்தது. இலக்கு 32 கிலோ என்று வைத்தோம். ஓய்வில் இருக்கும் நாய்க்குத் தேவையான ஆற்றலைக் கணக்கிட ஒரு வாய்பாடு உண்டு: எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்க வேண்டும். 32 கிலோவுக்கு ஏறத்தாழ 940 கிலோ கலோரி வருகிறது. அவன் அதுவரை எவ்வளவு சாப்பிட்டான் என்று யாருக்கும் தெரியவில்லை. “இரண்டு கப்” என்றார்கள். கப்பை எடுத்துவரச் சொல்லி, வழக்கமாக அள்ளுவது போல அள்ளச் சொல்லி, தராசில் வைத்தோம். அம்மையார் அள்ளியதும் அவர் மகன் அள்ளியதும் ஒரே கப்தான். தராசு இரண்டு எண்களைக் காட்டியது, மகனுடையது கால் பங்கு கூடுதல். அன்றோடு கப் ஓய்வு பெற்றது, சமையலறைத் தராசு வந்தது.

இரண்டு வாரம் எடை அசையவே இல்லை. கணக்கு தப்பாது, ஆள் தப்பியிருக்க வேண்டும். விசாரித்ததில் வீட்டுத் தாத்தா பிடிபட்டார். மாலையில் தாம் சாப்பிடும் பிஸ்கட்டில் பாதியை அவனுக்குக் கொடுப்பது அவர் வழக்கம். ‘பாதி’ என்பது நாளுக்கு ஐந்தாறு முறை. தடை போட்டால் ஒளித்துக் கொடுப்பார் என்று தெரியும். அதனால் அவனுடைய அன்றைய உணவிலிருந்தே ஒரு பங்கை எடுத்து ஒரு டப்பாவில் போட்டுத் தாத்தாவிடம் ஒப்படைத்தோம். கொடுக்கும் உரிமை அவருடையதாகவே இருந்தது, கலோரி மட்டும் எங்களுடையது. அதற்குப் பிறகு வாரம் அரை கிலோ வீதம் இறங்கியது.

எடையைப் பற்றி நான் இவ்வளவு கறாராக இருப்பதற்கு இரண்டு ஆய்வுகள் காரணம். 2010இல் வந்த ஒரு ஆய்வில், மூட்டுவாதம் உள்ள பருத்த நாய்கள் தம் எடையில் 6.1% இழந்த கட்டத்திலேயே நொண்டல் குறையத் தொடங்கியது. கரியனுக்கு அது வெறும் 2.3 கிலோ. இன்னொன்று 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுதும் பின்தொடர்ந்து 2002இல் முடிவை வெளியிட்ட ஆய்வு: ஜோடி ஜோடியாகப் பிரித்து ஒன்றுக்கு மற்றதைவிட 25% குறைவாக உணவு. மெலிந்தவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுவாதத்துக்கு நீண்டகால மருந்து தேவைப்பட்ட வயதும் 10.3இலிருந்து 13.3க்குத் தள்ளிப்போனது. எந்த மருந்துப் புட்டியும் மூன்று வருடத்தை வாங்கித் தந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மற்றவை சுருக்கமாக. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்புக்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. எடைக்கேற்ற அளவில் கொடுத்தோம், மெல்ல ஏற்றினோம், வேகமாக ஏற்றினால் பேதியாகும். குளுக்கோசமைனுக்கு ஆதாரம் மெலிது. ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்கள், தீரும்வரை கொடுக்கட்டும் என்று விட்டேன். மாதம் ஒரு முறை போடும் பெடின்வெட்மாப் ஊசியைப் பற்றிக் கேட்டார்கள். நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தடுத்து வலியைக் குறைப்பது அது. 12 மாதம் தாண்டிய நாய்களுக்கு மட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் அதன் பக்கவிளைவுகளைப் பற்றிக் கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு கடிதம் வெளியிட்டது. மெலாக்சிகாம் ஒத்துக்கொண்டிருக்கும்போது மாற்ற வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

வழவழப்பான தரையில் அவன் நடமாடும் பாதை முழுதும் ரப்பர் விரிப்பு. நகங்கள் தரையில் தட்டாத அளவுக்குக் குட்டை. காரில் இறங்க ஒரு சாய்பலகை. முதல் வாரம் அதைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தான். நடை நாளுக்கு நான்கு முறை பத்துப் பத்து நிமிடம், ஒரே சீராக. வாரம் முழுதும் படுத்திருந்துவிட்டு ஞாயிறன்று ஒரு மணி நேரம் ஓடுவதுதான் இந்த மூட்டுக்கு விஷம். பந்து விளையாட்டு ரத்து. ஓடிப்போய்ச் சறுக்கித் திரும்பும் அந்த ஒரு கணத்தில் முழங்கை படும் பாடு பெரிது. தையல் ஆறிய பிறகு நீச்சல்.

ஒரு சறுக்கல்

பதினோராவது வாரம், எடை 34 கிலோவுக்கு வந்திருந்தது, எல்லோரும் மகிழ்ச்சி. ஒரு மாலை கழுத்துப்பட்டை நழுவி, மைதானத்தில் இருந்த நாய்களோடு அரை மணி நேரம் ஆடித் தீர்த்திருக்கிறான். மறுநாள் காலை எழவே முடியவில்லை. முதன்முறையாக நொண்டினான், இடது காலில், தலையாட்டத்தோடு. அம்மையார் அழுதுகொண்டே அழைத்தார்: “எல்லாம் போய்விட்டதா, டாக்டர்?”

போகவில்லை. ஒரு காலில் நொண்டுகிறான் என்றால் மறு காலை நம்பத் தொடங்கிவிட்டான் என்று பொருள். எனக்கு அது உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது, அவரிடம் அப்போது சொல்லவில்லை. மூன்று நாள் ஓய்வு, கேபாபென்டின் மீண்டும் சில நாள், பிறகு ஐந்து நிமிட நடையிலிருந்து தொடக்கம். பத்து நாளில் பழைய நிலைக்கு வந்தான். வலி மருந்து வேலை செய்யும்போது நாய்க்குத் தன் மூட்டின் எல்லை தெரியாது, எல்லையை நாம்தான் பிடித்திருக்க வேண்டும் என்பதை முதலிலேயே அழுத்திச் சொல்லாதது என் பிழை.

கூடப் பிறந்தவள்

அதே ஈற்றில் பிறந்த ஒரு பெண் நாய் வேறொரு வீட்டில் இருப்பதை அம்மையாரே தேடிக் கண்டுபிடித்தார். அந்த வீட்டாரின் பதில்: “எங்கள் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை, இயல்பாகவே சோம்பேறி.” வற்புறுத்திப் படமெடுக்க வைத்தார். இரண்டு முழங்கையும் தரம் 1. கருத்தடை செய்யவில்லை, இனப்பெருக்கத்துக்கு விடும் எண்ணம் இருந்தது, கைவிட்டார்கள். அவளுக்கு எடை குறைப்பும் நடை ஒழுங்கும் மட்டும் தொடங்கியிருக்கிறோம், மருந்து இன்னும் தேவைப்படவில்லை.

பதினான்கு மாதம் கழித்து

எடை 31க்கும் 32க்கும் நடுவே நிற்கிறது. மெலாக்சிகாம் தினமும் இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைத்து, இப்போது தேவைப்படும் வாரங்களில் மட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தச் சோதனை. தோள் தசை திரும்பியிருக்கிறது. இடது முழங்கை மடங்குவது 58இலிருந்து 52க்கு வந்ததோடு சரி. எக்ஸ்ரேயில் முளை 4இலிருந்து 5 மி.மீ. ஆகியிருக்கிறது. படம் மோசமாகியிருக்கிறது, நாய் நன்றாகியிருக்கிறான். இரண்டும் ஒரே நாளில் எடுத்த குறிப்பு, இரண்டும் உண்மை. ஏழெட்டு வயதில் இந்த மூட்டு மீண்டும் பேசும் என்பதை வீட்டாரிடம் மறைக்கவில்லை.

கடைசியாக வந்தபோது வினாப்பட்டியலில் அவர் போட்ட சராசரி 0.9. தாளைக் கொடுத்துவிட்டுக் குறை சொல்லத் தொடங்கினார்: தாத்தாவின் செருப்பு ஒன்றைக் காணோம், மற்றொன்று பாதியாக இருக்கிறது, மெத்தை உறை கிழிந்துவிட்டது, வாசல் மணி அடித்தால் வீட்டில் யாரும் பேச முடிவதில்லை. நான் எழுதிக்கொண்டே எடை போடச் சொன்னேன். தராசின் மேல் ஏறினான், இறங்கினான், திரும்பினான், என் பேனாவைப் பிடிக்க வந்தான். மூன்று முறை முயன்று நான்காவது முறை ஒரு நொடி நின்றதில் எண் கிடைத்தது. பதிவில் எழுதினேன்: 31.6. நிற்க மறுத்தான்.